கிறிஸ்தவக் கம்பர் கண்ட சமாதானம்

சித்தூருக்கு அணித்தே பாகுதா நதிக்கரையில் அமைந்துள்ள காணிப்பாக்கத்தை அறியாதார் நம் குடியிருப்பில் ஒருவரும் இலர். காணியும் பாக்கமும் பழந்தமிழ்ச் சொற்கள். ஆந்திர நாட்டில் வந்து குடியேறிய நமக்கு அவ்வூர்ப் பெயரைச் சொல்லும்போதே உறவினர் ஒருவரைக் கண்டாற்போன்ற உணர்ச்சி உண்டாவது இயல்பு. அங்கே எழுந்தருளியுள்ள வரசித்தி விநாயகர் சத்தியத்திற்குப் பெயர் பெற்றவர். வாங்கிய கடனை வாங்கவில்லை என்று ஒருவன் சாதித்தாலும், எல்லைக்கல்லை நகர்த்தியவன் நகர்த்தவில்லை என்று வாதாடினாலும், ஊரார் அவனைக் காணிப்பாக்கத்துக்கு அழைப்பர். குளத்தில் முழுகி, ஈர உடையுடன் சந்நிதியில் நின்று சத்தியம் செய்ய வேண்டும். குடியை விட்டொழிக்க விரும்புவோரும் அங்கே வந்து உறுதி கூறுவது உண்டு. நீதிமன்றக் கூண்டில் ஏறிக் கூசாமல் பொய் சொல்பவனும் அக்குளத்துப் படிக்கட்டில் கால் தயங்கி நிற்பான் என்பது இவ்வட்டாரத்து மக்களின் நம்பிக்கை. நம் வக்கீல் நண்பர்கள் இதனை எவ்வாறு கருதுகிறார்களோ, அறியோம்.

ஊருக்குத் தெரியாததை ஒளித்துவிடலாம். உள்ளத்துக்குத் தெரிந்ததை ஒளிக்க இடமில்லை. அப்படிக்கட்டில் நிற்பவனின் நடுக்கத்துக்குக் காரணம் இதுவே. அத்தகைய படிக்கட்டு ஒன்றில், யாரும் அழைக்காமலே, தமக்குள்ளே நெடுநாள் நின்று தவித்த தமிழ்ப் புலவர் ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுத முற்படுகின்றோம். அவர் இந்தப் பகுதியைச் சேர்ந்தவர் அல்லர். தமிழகத்தின் தென்கோடியாகிய திருநெல்வேலிச் சீமையினர். கிறிஸ்தவக் கம்பர் என்று புலவர் உலகம் போற்றும் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அவர்களே அவர். நம் சங்கத்தில் விநாயகரை வணங்குவோர் உளர். வேங்கடவனைத் தொழுவோர் உளர். ஞாயிறுதோறும் தேவாலயம் செல்வோரும், வெள்ளிதோறும் பள்ளிவாசல் செல்வோரும் உளர். இவர்கள் அனைவரையும் ஒரே பந்தியில் அமர்த்தியது தமிழ். ஆதலின் தமிழால் உயர்ந்த ஒருவரின் சமய வாழ்வை அறிந்துகொள்வதில் யாருக்கும் மனவேற்றுமை இராது என்று நம்புகின்றோம்.

கிருஷ்ண பிள்ளை 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மையார். வேளாளர் குடி, வைணவ சமயம். நம்மில் சிலர் வீட்டு வாசலில் நின்றே காணும் திருவேங்கட மலை, தாமிரபரணிக் கரையில் வாழ்ந்த அக்குடும்பத்தாருக்கு ஆழ்வார்களின் பாசுரங்களில் நிமிர்ந்து நின்ற மலையாகும். போதாக்குறைக்கு அந்நதிக்கரையிலேயே ஒன்பது திருப்பதிகள் உண்டு. நம்மாழ்வார் அவதரித்த ஆழ்வார்திருநகரி அவற்றுள் ஒன்று. திருமாலின் பெயரைத் தாங்கிய பிள்ளை, திருமாலின் புகழ் கேட்டே வளர்ந்தார். தமிழ்ப் பயிற்சி மிக்க தந்தையார் கம்பனின் இராமாயணத்தை மகனுக்குச் சிறு பருவத்திலேயே பழக்கினார். கம்பன் ஒருவனுடைய காதில் இளமையிலேயே விழுந்துவிட்டால் பிறகு வெளியேறுவதில்லை. இவர் காதிலிருந்தும் அவன் கடைசிவரை வெளியேறவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

திருப்பாற்கடல்நாதன் கவிராயர் என்பாரிடம் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். அக்காலத்துக் கல்வி எவ்வாறிருந்தது என்பது இன்று குழாய்விளக்கின் கீழ் அமர்ந்து அச்சிட்ட புத்தகம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு விளங்குவது அரிது. ஏட்டுச்சுவடியை இரவல் வாங்க வேண்டும். மனப்பாடம் செய்ய வேண்டும். ஆசிரியர் கேட்டபோதெல்லாம் ஒப்பிக்க வேண்டும். நன்னூல் நெஞ்சில் பதிந்த பின்னரே அதன் பொருள் சொல்லித் தரப்படும். இவ்வாறு கற்றுத் தேர்ந்தவருக்கு வேலை யார் தருவார்? ஜமீன்தார்களின் அவையும் மடங்களும் போக, அந்நாளில் தமிழ்ப் புலவர்க்குச் சம்பளம் தரும் புதிய இடம் ஒன்று தோன்றியிருந்தது. பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடங்களே அவை.

திருநெல்வேலிச் சீமையில் அவர்களுடைய பணி அப்போது வேகமாக வளர்ந்து கொண்டிருந்தது. ஜெர்மானியரான ரேனியஸ் 1820ஆம் ஆண்டிலேயே பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டார். கால்டுவெல் 1841ஆம் ஆண்டு இடையன்குடியில் குடியேறினார். ஜி. யூ. போப் சாயர்புரத்தில் உயர்தரக் கல்விக்கூடம் ஒன்றை நிறுவினார். பனையேறும் மக்களிடையே ஊர் ஊராகத் தேவாலயங்கள் எழுந்தன. இதனைக் கண்டு மனம் கொதித்தவர்கள் 1840களில் விபூதிச் சங்கம் என்ற பெயரில் எதிரியக்கம் நடத்தினர்; அடிதடியும் தீவைப்பும் வழக்குகளும் நிகழ்ந்தன. உயர்குடிப் பிறந்தோர் பலருக்குக் கிறிஸ்து சமயம் என்பது அந்நியரின் சமயம், தாழ்த்தப்பட்டோரின் சமயம் என்ற இரு வெறுப்புகள் ஒருங்கே இருந்தன. இளமையில் கிருஷ்ண பிள்ளையும் அந்தப் பக்கத்தில் நின்றவரே. அவ்வெறுப்பு இல்லாதிருந்தால் இவ்வரலாற்றில் எழுதத்தக்கது அதிகம் இராது.

1853ஆம் ஆண்டு சாயர்புரம் கல்விக்கூடத்தில் தமிழாசிரியர் பதவி காலியாக இருந்தது. கால்டுவெல்லின் தேர்வுக்கு உட்பட்டு இவர் அப்பதவியைப் பெற்றார் என்பர். ஆக, நெற்றியில் திருமண் துலங்கும் இருபத்தாறு வயது வைணவப் புலவர் ஒருவர், சமய ஊழியத்துக்குப் பயிற்சி பெறும் கிறிஸ்தவ மாணவர்களுக்கு நன்னூலும் கம்பனும் கற்பிக்கலானார். மதம் மாறியவர் என்றாலே சோற்றுக்காக மாறினார், சம்பளத்துக்காக மாறினார் என்று சொல்லிவிடுவது ஒரு சாராரின் வழக்கம். அவ்வாறு சொல்லத்தக்க நிலைகள் சில இருந்திருக்கலாம். ஆனால் இவரிடத்தில் அச்சொல் செல்லாது. சம்பளம் 1853லேயே கிடைத்துவிட்டது, திருமண்ணோடேயே கிடைத்தது. மதம் மாறாமலேயே ஆயுள் முழுவதும் அவ்வேலையில் இருந்திருக்கலாம். அவர் மாறியது ஐந்தாண்டுகளுக்குப் பின்னர்.

அந்த ஐந்தாண்டுகளில் நடந்தது என்ன? வெளியே பார்த்தோர்க்கு எதுவும் நடக்கவில்லை. காலையும் மாலையும் செமினரியில் ஜெபம் நடக்கும். பண்டிதர் அதில் கலந்துகொள்ள வேண்டியதில்லை. வகுப்பில் இலக்கணம் சொல்லிவிட்டு வீடு திரும்புவார். உள்ளேயோ ஒரு வழக்கு தொடங்கிவிட்டது. தாம் கிறிஸ்தவரான வரலாற்றைப் பின்னாளில் அவரே எழுதி வைத்துள்ளார். அதனாலும் அவருடைய பாடல்களாலும் நாம் அறிவது யாதெனில், கடவுள் உண்டா என்ற ஐயம் அவருக்கு ஒருபோதும் இருந்ததில்லை என்பதே. அவரை வருத்தியது வேறு. தாம் பாவி என்ற உணர்வு அவருள் நாளுக்கு நாள் கனத்தது. செய்த பாவம் யாரால் தீரும், எவ்வாறு தீரும் என்ற கேள்வி உறக்கத்தைக் கெடுத்தது. நூல் பல கற்றவர். வாதம் செய்ய வல்லவர். ஆயினும் வாதத்தால் இக்கேள்வி ஆறவில்லை.

தனக்கோடி ராஜு என்னும் நண்பர் ஒருவர் அவருக்கு இருந்தார். அவரும் அதே தேடலில் இருந்தவர். கிருஷ்ண பிள்ளைக்கு முன்பே கிறிஸ்துவிடம் ஈர்க்கப்பட்டவர். இருவரும் கூடி வேதாகமத்தைப் படித்தனர். ஜான் பனியன் எழுதிய பரதேசிப் பயணத்தின் கதையும் தமிழாக்கத்தில் அவர் கைக்கு எட்டியது. இந்தப் பனியன் பெரிய குடும்பத்தவரோ பல்கலைக்கழகப் பட்டதாரியோ அல்லர். இங்கிலாந்தில் ஓட்டைப் பாத்திரம் அடைத்துப் பிழைத்த தொழிலாளி. அரசாங்கத்தின் அனுமதியின்றிப் பிரசங்கம் செய்தார் என்பதற்காக 1660 முதல் 1672 வரை பெட்போர்டு நகரச் சிறையில் கிடந்தவர். 1678இல் வெளியான அவருடைய நூலில் ஒரு மனிதன் முதுகில் பெருஞ்சுமையோடும் கையில் ஒரு புத்தகத்தோடும் அழுதுகொண்டு நிற்கின்றான். அழியப்போகும் ஊரை விட்டு ஓடுகின்றான், சேற்றில் அமிழ்கின்றான், சிலுவை நட்ட மேட்டை அடைந்ததும் அவன் ஏதும் செய்யாமலே கட்டு அவிழ்ந்து சுமை உருண்டு கல்லறைக் குழியில் விழுந்து மறைகின்றது. கம்பனைக் கரைத்துக் குடித்த புலவருக்கு இவ்வெளிய உரைநடைக் கதை, நூல் நயத்தால் பெரிதாகத் தோன்றியிருக்க வழியில்லை. ஆனால் அந்தச் சுமை தம் முதுகிலும் இருப்பதை அவர் கண்டார்.

பாவத்தைத் தீர்க்க வல்லவன் இறைவன். அவன் தாளில் சரண் புகுதலே வழி. இக்கருத்து வைணவராகிய அவருக்குப் புதிதன்று. சரணாகதி என்பது அவருடைய முன்னோர் அவருக்கு விட்டுச்சென்ற சொத்து. புதிதாக அவர் கண்டது, தண்டனையைத் தானே ஏற்றுச் சிலுவையில் உயிர் கொடுத்த இறைவனை. நாம் இங்கே இரு சமயங்களை எடைபோட வரவில்லை; அதற்குரிய தராசும் நம்மிடம் இல்லை. அவருடைய நெஞ்சில் நிகழ்ந்ததை மட்டும் சொல்கின்றோம். கிறிஸ்துவின் பெயரால் ஜெபம் செய்யத் தொடங்கினார். சபையில் அல்ல, தனிமையில். அந்த ஜெபத்தில் அவருக்கு மன ஆறுதல் உண்டாயிற்று.

கதை இங்கே முடிந்திருக்கலாம். நெஞ்சில் ஆறுதல் கிடைத்துவிட்டது. ஊருக்கு ஏன் சொல்ல வேண்டும்? தனிமையில் ஜெபித்துக்கொண்டு, வீட்டில் குலவழக்கப்படி நடந்துகொண்டு, எவர் மனமும் நோகாமல் வாழ்ந்துவிடலாம். அவ்வாறு வாழ்ந்தவர்கள் அக்காலத்தில் பலர். கிருஷ்ண பிள்ளைக்கு அது இயலவில்லை. உள்ளே ஒருவரைத் தொழுது வெளியே மற்றொருவரைத் தொழுவதாகக் காட்டிக்கொள்ளும்போது, கிடைத்த ஆறுதலே முள்ளாகக் குத்தியது. நாம் தொடக்கத்தில் சொன்ன படிக்கட்டு இதுதான். ஒரு பக்கம் தாய், மனைவி, உடன்பிறந்தார், உற்றார், ஊர். மறுபக்கம் தம் நெஞ்சறிந்த உண்மை.

அந்நாளில் திருமுழுக்குப் பெறுவது என்றால் பொருள் யாது என்பதை இன்றைய இளைஞர்கள் உணர வேண்டும். அதன்பின் வேளாளர் வீட்டுப் பந்தியில் இடமில்லை. பெண் கொடுப்பார் இல்லை, எடுப்பார் இல்லை. தாய் இறந்தால் கொள்ளி வைக்கும் உரிமையும் கேள்விக்குள்ளாகும். மகன் உயிரோடிருக்கும்போதே இறந்துவிட்டதாக எண்ணித் தலைமுழுகிய வீடுகளும் உண்டு. சொந்த ஊரில் சடங்கை நடத்தினால் உற்றார் திரண்டு தடுப்பர் என்ற நிலையில் அவர் சென்னைக்குப் புறப்பட்டார். தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856இல் இராயபுரத்திலிருந்து நம் ஆர்க்காட்டுப் பக்கம் வாலாஜா வரையில்தான் போடப்பட்டிருந்தது. திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் இடையே நானூறு மைல் வழி அன்று இரயிலின்றிக் கிடந்தது. அத்தனை தொலைவும் திரும்பிவிடலாமா என்று எண்ணுவதற்கு வேண்டிய நேரம் இருந்தது. அவர் திரும்பவில்லை. 1858ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மயிலாப்பூர் தூய தோமா ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்பன புதிதாக வைக்கப்பட்ட பெயர்கள். எச். ஏ. என்னும் தலைப்பெழுத்துகளின் வரலாறு இதுவே. அப்போது அவருக்கு வயது முப்பது.

கிருஷ்ணன் என்ற பெயரை அவர் நீக்கவில்லை என்பதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். பெற்றோர் இட்ட பெயர் இறுதிவரை இருந்தது. பிள்ளை என்ற குலப்பட்டமும் இருந்தது. பின்னதைப் பற்றி நமக்கு முழு உடன்பாடில்லை. சாதிப் பிரிவினை தேவாலயத்துக்குள்ளும் பாயை விரித்துப் படுத்துக்கொண்டது அக்காலத்துத் தமிழ்க் கிறிஸ்தவத்தின் பெருங்குறை. உயர்குடியிலிருந்து வந்தோர் பலர் அதனை முற்றும் உதறவில்லை. ஆனால் முன்னது, அதாவது கிருஷ்ணன் என்னும் பெயர் நிலைத்தது, ஒரு மனிதர் தம் இறந்தகாலத்தைப் பகையாகக் கருதவில்லை என்பதற்குச் சான்றாகும். உடன்பிறந்தாரான முத்தையா பிள்ளையும் பின்னர் கிறிஸ்தவரானார்.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் மன அமைதியைக் குறிக்க வழங்கும் சொல் சமாதானம் என்பது. சாந்தி என்றோ அமைதி என்றோ சொல்லக்கூடிய இடத்தில் தமிழ் வேதாகமம் பெரும்பாலும் இச்சொல்லையே கையாள்கின்றது. கச்சேரியில் மேலதிகாரி நம்மிடம் கேட்பதும் சமாதானம்தான். சண்டையிட்ட இரு வீட்டாரிடையே பெரியோர் செய்துவைப்பதும் சமாதானம்தான். முதலில் கேட்போர்க்கு இச்சொல் சற்று விந்தையாகத் தோன்றும். கிருஷ்ண பிள்ளையின் வாழ்வை அறிந்தபின் இது பொருத்தமான சொல்லே என்று நமக்குப் படுகின்றது. அவர் பெற்றது ஆற்றங்கரையில் அமர்ந்திருப்பவனின் அமைதியன்று. தமக்குள் ஓயாது போரிட்ட இருவர் ஒருவராகிவிட்ட நிலை. கேட்கப்பட்ட கேள்விக்கு அவர் கொடுத்த விடையும் அதுவே.

சென்னையில் தங்கிய நாட்களில் பெர்சிவல் பாதிரியாரின் தினவர்த்தமானி இதழில் துணையாசிரியராகப் பணி புரிந்தார். மாநிலக் கல்லூரியிலும் தமிழ் கற்பித்தார். இந்தப் பெர்சிவல் முன்னர் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். அங்கே அவர் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது உடனிருந்து உழைத்தவர் ஆறுமுக நாவலர். வேதாகமத்தை வரிவரியாக ஆராய்ந்த நாவலர் தம் சைவத்தில் முன்னிலும் உறுதி பெற்று, பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், பிரசங்கம் என்னும் பாதிரிமாரின் கருவிகளையே கைக்கொண்டு சைவத்தை வளர்த்தார். அதே பெர்சிவலின் பக்கத்தில் பின்னர் வந்து அமர்ந்த கிருஷ்ண பிள்ளை கிறிஸ்துவைப் பாடினார். இருவரும் தமிழ்ப் புலவர்; இருவரும் நெஞ்சுக்கு வஞ்சனை செய்யாதவர்.

பின்னர் அவர் சாயர்புரம் திரும்பினார், பாளையங்கோட்டையிலும் பணியாற்றினார். ஊர் ஊராகப் பாடம் சொல்லிப் பிழைக்கும் ஆசிரிய வாழ்வு. அதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மனச் சமாதானம் பெற்றவருக்கு வறுமையோ நோயோ வரமாட்டா என்று எண்ணுவோர் அவருடைய பாடல்களைப் படித்தால் ஏமாறுவர். பெரும்பாலான பாடல்கள் துன்பத்துக்கு நடுவிலிருந்தே எழுகின்றன. கண்ணீரோடு கெஞ்சுகின்றார், தம்மையே கடிந்துகொள்கின்றார், கைவிடாதே என்று மன்றாடுகின்றார். ஆனால் யாரிடம் கேட்பது என்ற ஐயம் மட்டும் அப்பாடல்களில் இல்லை.

இனி அவருடைய பெருநூலுக்கு வருவோம். இருபது ஆண்டுகளுக்கு முன் தம் நெஞ்சைத் தொட்ட பனியனின் கதையைத் தமிழில் காப்பியமாக்க அவர் துணிந்தார். நற்போதகம் என்னும் இதழில் 1878 முதல் பகுதி பகுதியாக வெளிவந்து, 1894ஆம் ஆண்டு இரட்சணிய யாத்திரிகம் என்ற பெயரில் சென்னையில் நூலாக அச்சேறியது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்கள். 3,700க்கும் மேற்பட்ட பாடல்கள். ஒரு தமிழாசிரியர் வகுப்பு நேரம் போக எஞ்சிய பொழுதில் இதனைச் செய்தார் என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகின்றது.

இது மொழிபெயர்ப்பு அன்று. பனியனிடமிருந்து எடுத்துக்கொண்டது பயணத்தின் பாதை மட்டுமே; நடை கம்பனுடையது. இளமையில் காதில் விழுந்தவன் வெளியேறவில்லை என்று முன்னர்ச் சொன்னோம் அல்லவா? பனியன் நான்கு வரியில் கடந்துபோகும் இடத்தில் இவர் நின்று, தமிழ்க் காப்பிய மரபுப்படி நாட்டையும் நகரத்தையும் காட்டையும் வருணிக்கின்றார். சந்தம் மாறுகின்றது, உவமை மேல் உவமை வருகின்றது. பனியனிடம் இல்லாத ஒன்றையும் சேர்த்தார். குமார பருவத்தில் கிறிஸ்துவின் பாடுகளையும் மரணத்தையும் விரிவாகப் பாடினார். பகைவர் இகழ்வதும், பெருமான் மறுமொழி கூறாது பொறுத்து நிற்பதும், சூழ்ந்து நின்ற மக்கள் புலம்புவதும் படிப்போர் கண்ணைக் கலக்குவன. இராமன் காடு சென்ற நாளில் அயோத்தி அழுததைக் கம்பனிடம் கேட்டு வளர்ந்த ஒருவராலேயே எருசலேம் வீதியின் அழுகையை இவ்வாறு பாட இயலும். மற்றும் ஒரு புதுமை: கதை நடந்துகொண்டிருக்கும்போதே இடையிடையே தேவாரம் என்ற பெயரில் இசைப்பாடல்களை வைத்தார். பயணி நடையை நிறுத்தி ஜெபம் செய்யும் இடங்கள் அவை. காப்பியமும் பதிகமும் ஒரே நூலில் கைகோத்துச் செல்கின்றன.

சைவர் வழங்கிய தேவாரம் என்ற பெயரும், வைணவர் வழங்கிய அடைக்கலம் என்ற கருத்தும், கம்பனின் விருத்தமும், இங்கிலாந்துச் சிறைப்பறவையின் கதையும் ஒருவர் உள்ளத்தில் ஒன்றாயின. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணி பாடினார். அவர் கிறிஸ்துவிடமிருந்து தமிழுக்கு வந்தவர். கிருஷ்ண பிள்ளை தமிழிலிருந்து கிறிஸ்துவிடம் சென்றவர். முன்னவர் தமிழை வியந்து கற்றார். பின்னவருக்கு அது தாய்ப்பாலோடு வந்தது. இவ்வேற்றுமை இரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்குப் புலனாகும்.

குறை இல்லாமலும் இல்லை. வடசொற்கள் மிகுதி, நம் வீட்டுப் பிள்ளைகள் அகராதியின்றி ஒரு படலத்தைக் கடப்பது கடினம். குணங்களையே மாந்தராக்கி நடமாட விட்ட கதையாதலின் சில பாத்திரங்கள் பேசும்போது சதையும் இரத்தமும் தென்படுவதில்லை. நிதான பருவத்தில் நீண்ட உரையாடல்கள் சில சோர்வு தருவன. இருப்பினும் சுமை விழும் இடம், மரண ஆற்றைக் கடக்கும் இடம் ஆகியவற்றைப் படிப்போர் நூலை மூடிவிடமாட்டார்கள்.

1880களின் பிற்பகுதியில் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தமிழாசிரியராகச் சில ஆண்டுகள் இருந்தார். மனோன்மணீயம் பாடிய சுந்தரம் பிள்ளை அக்கல்லூரியிலேயே தத்துவம் கற்பித்து வந்தார். இலக்கணச் சூடாமணி, இரட்சணிய சமய நிர்ணயம், போற்றித் திருவகவல் என்பன இவருடைய பிற நூல்களுட் சில. பாளையங்கோட்டை வக்கீலும் சைவருமான ஏ. எஸ். அப்பாசாமி பிள்ளை கிறிஸ்தவரானதில் இவருடைய நட்புக்குப் பங்குண்டு. அவருடைய மைந்தரே பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி. கிறிஸ்து சமயத்தைப் பக்தி நெறியாக விளக்கி உலகறிந்த அப்பேராயர், 1966ஆம் ஆண்டு கிருஷ்ண பிள்ளையின் வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக எழுதி வெளியிட்டார்.

1899ஆம் ஆண்டு, முதுமையின் தளர்ச்சிக்கிடையே, இரட்சணிய மனோகரம் வெளிவந்தது. அது முழுவதும் ஜெபம். காப்பியத்தில் காணும் கம்பீரம் இங்கே இல்லை. அதனை அவர் வேண்டுமென்றே கழற்றி வைத்துவிட்டார் என்று தோன்றுகின்றது. சிறுவர் வாயிலும் நுழையும் எளிய பதங்கள்; ஒவ்வொன்றும் இறைவன் முன் நேராக நின்று பேசுவது. அதிலுள்ள பாடல் ஒன்றைத் தமிழ்த் திருச்சபைகள் இன்றும் வழிபாட்டில் பாடி வருகின்றன. பாடுவோர் பலருக்கு இயற்றியவர் பெயர் தெரியாது. 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் கிருஷ்ண பிள்ளை மறைந்தார்.

அதே காலத்தில் நம் திருப்பதியிலுள்ள லுத்தரன் மிஷன் பள்ளியில் சர்வேபள்ளி இராதாகிருஷ்ணன் என்னும் சிறுவர் படித்துக்கொண்டிருந்தார். 1896 முதல் 1900 வரை அவர் அங்கே பயின்றார். பாதிரிமார் தம் முன்னோரின் சமயத்தைக் குறைகூறக் கேட்டதனாலேயே அதனை ஆழ்ந்து கற்க வேண்டும் என்னும் வேட்கை தமக்கு உண்டாயிற்று என அவர் பிற்காலத்தில் தெரிவித்துள்ளார். மிஷன் பள்ளியின் வாசல் வழியே வைணவர் ஒருவர் கிறிஸ்துவிடம் சென்றார். அதுபோன்ற மற்றொரு வாசல் வழியே ஒருவர் வேதாந்தத்துக்குள் சென்று, பாரத நாட்டின் குடியரசுத் தலைவராகவும் உயர்ந்தார்.

இரட்சணிய யாத்திரிகத்தின் சில பாடல்கள் தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றுள்ளன. எல்லைக்கு அப்பால் வேலூரில் படிக்கும் நம் உறவினர் பிள்ளைகள் அவற்றைத் தேர்வுக்காகவேனும் படித்திருப்பர். இப்பக்கம் தெலுங்கு வழியிலும் ஆங்கில வழியிலும் பயிலும் நம் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. சங்கத்து நூலக அலமாரியில் கம்பனும் தேம்பாவணியும் சீறாப்புராணமும் இருக்கின்றன. அவற்றின் பக்கத்தில் இரட்சணிய யாத்திரிகத்துக்கும் மனோகரத்துக்கும் இடம் இருக்கின்றது. வாங்கி வைப்பின், முதலில் மனோகரத்தை எடுங்கள். பிறகு குமார பருவம். ஆதி பருவத்திலிருந்து தொடங்கினால் வடசொற்களைக் கண்டு அஞ்சிப் பாதியில் விட்டுவிட நேரும். மனத்துக்குள் படிக்க வேண்டா. வாய்விட்டுப் படியுங்கள், கம்பனின் ஓசை தானே கேட்கும்.